மாதத்துக்கு ஒரு விமானம்: வால்விஸ் பே, செயின்ட் ஹெலினா, அசென்ஷன்

வெள்ளி இரவு, ஜோகன்னஸ்பர்க்

நாளைக் காலை விமானம். போகும் இடம் செயின்ட் ஹெலினா. தெற்கு அட்லாண்டிக் நடுவே 122 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு பிரிட்டிஷ் தீவு. மக்கள்தொகை ஏறத்தாழ 4,400. மிக அருகில் உள்ள ஆப்பிரிக்கக் கரையே கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நெப்போலியனைச் சிறை வைத்த தீவு என்று சொன்னால் பள்ளிப் பாடம் பலருக்கும் நினைவுக்கு வரும்.

என்னை இழுத்தது நெப்போலியன் அல்ல, விமான அட்டவணை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தீவுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திரும்பி வர ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு திசையிலும் பறப்பது ஒரே எம்ப்ரேயர் 190 ரக விமானம். இந்த வித்தியாசத்தின் காரணத்தைக் கேட்டறிந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் ஒருமுறையாவது உட்கார்ந்து பறக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

காரணம் இதுதான். போகும்போது விமானம் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருளை நிரப்பிக்கொள்கிறது. தீவு வரை போவதற்கு மட்டும் போதுமான எரிபொருள் போதாது. தீவின் மேல் மேகம் மூடியிருந்தால் இறங்காமலேயே கண்டத்துக்குத் திரும்பிவரவும் டாங்கில் இருக்க வேண்டும். வரும்போது அந்தக் கவலை இல்லை. ஆப்பிரிக்காவில் இறங்குவதற்கு விமான நிலையங்களுக்குக் குறைவில்லை. ஆகவே நேராக வந்துவிடுகிறது.

பயணக் காப்பீட்டுத் தாளை மறக்காமல் கைப்பையில் வைத்திருக்கிறேன். நோய்வாய்ப்பட்டால் விமானத்தில் வெளியே கொண்டுபோகும் செலவையும் உள்ளடக்கிய காப்பீடு இல்லாதவரைத் தீவுக்குள் விட மாட்டார்கள்.

சனி இரவு, ஜேம்ஸ்டவுன்

வந்து சேர்ந்துவிட்டேன். தூக்கம் கண்ணைச் சொக்குகிறது, ஆனாலும் இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

வால்விஸ் பே வரை சுமார் 1,400 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கடைசி அரை மணி நேரம் நமீப் பாலைவனத்தின் மேல் பறந்தோம். செம்பழுப்பு மணல்மேடுகள் மேற்கே போகப்போக வெளிறி, கடலை நெருங்கும்போது கடல்மூடுபனிக்குள் மறைந்தன. விமான நிலையம் மணலுக்கு நடுவே இருக்கிறது. ஓடுபாதைக்கு அப்பால் ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை. செயின்ட் ஹெலினா பயணிகள் யாரும் இறங்கக் கூடாது. இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எரிபொருள் வண்டி வந்து நின்றதும் ஓர் அறிவிப்பு: எல்லோரும் சீட் பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். நிற்கும் விமானத்தில் பயணிகளை வைத்துக்கொண்டே எரிபொருள் நிரப்பும்போது இதுதான் விதி. தீப்பிடித்தால் எழுந்து ஓட வேண்டும், பெல்ட் தடுக்கக் கூடாது. நடைபாதையில் பைகள் கிடக்கின்றனவா என்று பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். இறக்கையின் கீழே தடித்த குழாயைப் பூட்டிவிட்டு ஊழியர் அளவுமானியையே பார்த்தபடி நின்றார். குழாயைக் கழற்ற நெடுநேரம் ஆயிற்று.

பக்கத்து இருக்கையில் தீவுக்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும். தென்னாப்பிரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார். சட்டையின் மேல் பொத்தானுக்குள் தையல் தழும்பு தெரிந்தது. "முதல் தடவையா?" என்று கேட்டார். ஆம் என்றதும், "இடப்பக்கம் சன்னலை விடாதீர்கள். ஆனால் பாதித் தூரம் வரை பார்க்க ஒன்றும் இருக்காது" என்றார்.

அவர் சொன்ன பாதித் தூரம் எனக்குப் பிடித்தமான விஷயம். வால்விஸ் பேயிலிருந்து தீவு ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அமிர்தசரஸ் வரை பறப்பதைவிடச் சற்று அதிகம். அந்தப் பாதையில் வழி முழுக்க இறங்க ஊர்கள் உண்டு. இங்கே கடலைத் தவிர வேறொன்றும் கிடையாது. நடுவழியில் ஓர் என்ஜின் நின்றுபோனால் முன்னே போவதா, பின்னே திரும்புவதா என்பதை விமானி அப்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது. எந்தப் புள்ளி வரை திரும்ப வேண்டும், எந்தப் புள்ளிக்கு மேல் முன்னேற வேண்டும் என்று புறப்படும் முன்பே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். கிலோமீட்டரில் பாதி வழி 1,125. ஆனால் அந்தப் புள்ளி அங்கே இருப்பதில்லை. எதிர்காற்றால் மேற்கே போகும் வேகம் மணிக்கு 750 கிலோமீட்டர், திரும்பினால் அதே காற்று தள்ளிவிட 850 என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரு கரைக்கும் சம நேரமாகும் இடம் வால்விஸ் பேயிலிருந்து 1,195 கிலோமீட்டரில் விழுகிறது. காற்று 70 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடுகிறது. காற்று மாறினால் அந்த இடமும் மாறும். வரைபடத்தில் அளந்து சொல்லும் தூரத்தைவிட இந்தப் புள்ளிதான் இந்தப் பாதையின் உண்மையான அளவு என்று எனக்குப் படுகிறது.

இரண்டு என்ஜின் விமானங்கள் இப்படிப்பட்ட கடல்மேல் பறக்கத் தனி அனுமதி வேண்டும். ஒற்றை என்ஜினில் 120 நிமிடத்துக்குள் ஏதாவது ஓர் ஓடுபாதையை எட்டும்படி பாதை அமைய வேண்டும் என்பது அதன் சாரம். இந்த விமானத்தை இயக்கும் ஏர்லிங்க் நிறுவனம் அந்த அனுமதியைப் பெற்ற பிறகுதான் 2017 அக்டோபர் 14 அன்று அட்டவணைப்படி வரும் முதல் பயணிகள் விமானம் இங்கே வந்து இறங்கியது. அப்போது எடைக் கட்டுப்பாட்டால் 76 பேருக்கு மேல் ஏற்றவில்லை. நூறு பேர் உட்காரக்கூடிய விமானத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இருக்கைகளை எரிபொருளுக்காகக் காலி விட்டார்கள்.

மூன்று மணி நேரத்துக்குப் பின் பெரியவர் என் முழங்கையைத் தொட்டார். மேகத்துக்கு அடியில் கறுத்த பாறைச் சுவர் ஒன்று கடலிலிருந்து நேராக எழுந்து நின்றது. அலை அடிக்கும் விளிம்பு முழுக்கப் பழுப்பு, உச்சியில் மட்டும் பச்சை. விமானம் இரண்டு முறை பலமாகக் குலுங்கியது. சன்னலுக்கு வெளியே ஓடுபாதையின் தொடக்கமும் அதற்கு முன்னால் அதலபாதாளமும் ஒன்றாகத் தெரிந்தன. ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல். சக்கரம் தட்டியதும் பிரேக்கின் வேகத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். ஒருவரும் கைதட்டவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெளியே வேலிக்கு அப்பால் கூட்டம். விமானம் வருவது வாரத்தில் இந்த ஒரு நாள்தான், ஊரே வந்திருக்கிறதோ என்று தோன்றியது. நான் தங்கப்போகும் வீட்டின் உரிமையாளர் அம்மையார், ஐம்பதைத் தாண்டியவர், என் பெயரை எழுதிய அட்டையோடு நின்றார். கையில் கயிறு கட்டிய ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தது. "கொஞ்சம் பொறுங்கள், இதை ஒருவரிடம் கொடுக்க வேண்டும்" என்று உள்ளே போனார்.

பெட்டி அசென்ஷனுக்கு, இங்கிருந்து வடமேற்கே இதே கடலில் இருக்கும் இன்னொரு பிரிட்டிஷ் தீவுக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் இந்த விமானம் இங்கே பயணிகளை இறக்கிவிட்டு அங்கே போகிறது, மறுநாள் திரும்புகிறது. இன்று அந்தச் சனிக்கிழமை. அம்மையாரின் மகன் அங்கே வேலை செய்கிறான். பெட்டியில் இருப்பது வீட்டில் செய்த கேக், தேங்காய்த் துருவலில் புரட்டி எடுக்கும் வகை. அண்டை வீட்டுப் பெண் அதே விமானத்தில் கணவரிடம் போகிறாள். அவள் கையில் சேர்த்துவிட்டு வந்தார்.

விமானம் மேலெழும்பும் வரை அம்மையார் வண்டியைக் கிளப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு

ஜேம்ஸ்டவுன் இரண்டு மலைகளுக்கு இடையில் செருகி வைத்த ஊர். ஒரே ஒரு பெரிய தெரு கடலில் தொடங்கி மேலே ஏறிப் பிரிகிறது. மேற்குச் சுவரில் 699 படிகள், ஜேக்கப்பின் ஏணி என்று பெயர். 1829இல் சுமை ஏற்றி இறக்க அமைத்த சாய்தளத்தின் மிச்சம் அது. முழங்கால்கள் கெஞ்சின, ஆனாலும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இறங்கிவந்து ஊருக்குள் நடந்தபோது மைனாக்களின் சத்தம். நம் ஊர் மைனாவேதான், மஞ்சள் அலகும் கண்ணோரத் திட்டும் அப்படியே. கால்நடைகளின் உண்ணியைத் தின்னட்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டவை, இன்று தெருவெல்லாம் அவைதான். தெருவோரத்தில் அரசமரமும் நிற்கிறது. இலை காற்றில் அடித்துக்கொள்ளும் அந்தச் சலசலப்பை இங்கே கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த நிழலில்தான் ஒருகாலத்தில் அடிமைகளை நிறுத்தி ஏலம் போட்டார்கள் என்று அம்மையார் சொன்னதும் அங்கே நிற்க மனம் வரவில்லை.

மைனாவும் அரசமரமும் இங்கே வந்த வழியை யோசித்தால் தூரம் பற்றிய இன்னொரு விஷயம் தெரிகிறது. 1659 முதல் இது கிழக்கிந்தியக் கம்பெனியின் தீவு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் லண்டன் திரும்பும் கப்பல்கள் தண்ணீருக்கும் காய்கறிக்கும் இங்கே நின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பல்கள் வந்த காலமும் உண்டு. அப்போது இது ஒதுக்குப்புறமே அல்ல, பெருவழியில் இருந்த சத்திரம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்களும் பெருகின. கப்பல்கள் வேறு வழியில் போயின. தீவு இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு தலைமுறைக்குள் அது உலகத்தின் கோடிக்குப் போய்விட்டது.

அதன் பிறகு மிஞ்சியது பயணிகளையும் சரக்கையும் ஏற்றி அவ்வப்போது வரும் அஞ்சல் கப்பல்தான். கடைசியாக ஓடிய ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா கேப்டவுனிலிருந்து ஐந்து இரவுகள் எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரியில் அதை நிறுத்தினார்கள். அம்மையார் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. "கப்பலில் ஏறியவர்கள் இறங்கும்போது உறவுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். விமானத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை" என்றார். என் பக்கத்து இருக்கைப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அவர் யார், எந்த வீதி, அறுவை சிகிச்சை எப்படி நடந்தது என்று எல்லாமே அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

பிற்பகலில் அசென்ஷனிலிருந்து விமானம் திரும்பியது. மகன் எழுதிய கடிதம் ஒன்று வந்திருக்கிறது. 2023 முதல் கடலடிக் கேபிள் வழியாக இணையம் வேகமாகக் கிடைக்கிறது. மகனோடு அவர் தினமும் முகம் பார்த்தே பேசுகிறார். ஆனாலும் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். அதை உடனே பிரிக்காமல் மேசை மேல் வைத்தார்.

திங்கள்

இன்று முழுக்க விமான நிலையம் இருக்கும் ப்ராஸ்பரஸ் பே சமவெளிப் பக்கம். வாடகைக் காரில் அம்மையாரின் தம்பி ஓட்டிவந்தார். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அவர் கை உயர்த்தினார், அவர்களும் உயர்த்தினார்கள். குறுகலான மலைச்சாலையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்தத் தீவில் ஓடுபாதைக்குத் தேவையான சமதளம் இயற்கையாக இல்லவே இல்லை. ட்ரை கட் என்ற பள்ளத்தாக்கை ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் பாறையாலும் மண்ணாலும் நிரப்பினார்கள். நிரப்பிய ஆழம் சில இடங்களில் 100 மீட்டர். அந்த இயந்திரங்களைக் கொண்டுவர முதலில் ரூபர்ட்ஸ் கடற்கரையிலிருந்து 14 கிலோமீட்டர் சாலை போட வேண்டியிருந்தது.

அந்தச் சாலைக்காக ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கில் பிடிபட்ட அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர்களை இங்கேதான் இறக்கியது. மீண்டு வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நோயிலும் பசியிலும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இறந்தார்கள். 2008 அகழ்வில் வெளிவந்தவை 325 பேரின் எலும்புகள். பல ஆண்டுகள் ஜேம்ஸ்டவுனில் பெட்டிகளில் இருந்த அவற்றை 2022இல்தான் மீண்டும் மண்ணில் வைத்தார்கள். பலரும் சின்னப் பிள்ளைகள், இளைஞர்கள். சாலையில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். தீவுக்கு வரும் எவரும் இந்தச் சாலையின் பயனை அனுபவிக்கிறோம். அவர்களை இவ்வளவு காலம் காக்க வைத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

விமான நிலையத்துக்கு ஆன செலவு 28.5 கோடி பவுண்டு. 2016 மே மாதத் திறப்பு விழா தள்ளிப்போனது. சோதனையாகப் பறந்து வந்த பெரிய விமானம் வடக்குப் பக்கமிருந்து இறங்கும்போது, தரையை நெருங்கும் நேரத்தில் காற்றின் வேகமும் திசையும் சட்டெனப் புரண்டன. விமானிகள் விண்ட் ஷியர் என்பார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் உலகத்திலேயே உதவாத விமான நிலையம் என்று எழுதின. அந்தப் பட்டத்தை இன்றும் சிலர் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். சின்ன விமானம், பயிற்சி பெற்ற விமானிகள், கூடுதல் எரிபொருள் என்று வழி கண்டுபிடித்து 2017 முதல் பறந்துகொண்டிருக்கிறார்கள். நேற்று முன்தினம் இதயத்தில் தையலோடு ஊர் திரும்பிய பெரியவரிடம் போய் அதை உதவாத நிலையம் என்று சொல்ல முடியுமா?

செவ்வாய்

லாங்வுட் மாளிகை. 1815 அக்டோபரில் தீவில் வந்து இறங்கிய நெப்போலியன் 1821 மே 5 அன்று இறந்த இடம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரப் பத்து வாரம் ஆனது. அவர் இறந்த செய்தி லண்டனை எட்டியது ஜூலை 4. இரண்டு மாதம் ஐரோப்பா முழுக்க அவர் உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. சன்னல் ஷட்டரில் அவர் ஒளிந்து பார்க்கக் குடைந்த ஓட்டையைக் காட்டுகிறார்கள். மூடுபனியும் ஈரமும் சுவருக்குள் இறங்கிய வீடு. வெளியே வந்ததும் நிம்மதியாக இருந்தது.

புதன்

மழை. மாலையில் மட்டும் ஆளுநர் மாளிகைப் புல்வெளிக்குப் போய் ஜோனதனைப் பார்த்தேன். 1832 வாக்கில் பொரித்ததாகக் கணிக்கப்படும் சேஷல்ஸ் ராட்சத ஆமை, 1882இல் கப்பலில் வந்தது. கண்பார்வை போய்விட்டது. காலடிச் சத்தத்துக்குக் கழுத்தை நீட்டித் தலையைத் திருப்பியது.

இரவு அம்மையார் ப்ளோ சமைத்தார். சோறு, இறைச்சி, காய்கறி, மசாலாத்தூள் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகும் உணவு. சாப்பிடும்போது அசென்ஷன் பற்றிக் கேட்டேன்.

அங்கே யாருக்கும் சொந்த ஊர் என்ற உரிமை கிடையாது. எல்லோரும் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பிவிட வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் செயின்ட் ஹெலினாக்காரர்கள். ஓடுபாதை அமெரிக்கர்கள் இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் போட்டது. மூன்று கிலோமீட்டர் நீளம், பெரிய விமானமெல்லாம் இறங்கும். ஆனால் 2017இல் அந்த ஓடுபாதை பழுதாகிப் பெரிய விமானங்கள் வருவது பல ஆண்டுகள் நின்றுபோனது. செயின்ட் ஹெலினாவிலிருந்து போகும் இந்த மாத விமானம்தான் அந்தக் காலத்தில் பொதுமக்களுக்கு இருந்த வழி.

இரண்டு தீவுகளுக்கும் இடையே 1,300 கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரப் பறப்பு. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சென்னையும் போர்ட் பிளேரும். அந்தத் தூரமும் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர்தான். கடல், தீவு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்பு, எல்லாமே ஒன்றுபோல. ஆனால் சென்னையில் காலையில் ஒரு விமானத்தை விட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம். அம்மையார் தன் மகனிடம் போக வேண்டுமென்றால் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். அன்று இடம் நிறைந்திருந்தால் அதற்கடுத்த மாதம். மறுநாளே திரும்பும் விமானத்தில் ஏறாவிட்டால் ஒரு மாதம் அங்கேயே தங்க வேண்டும். போன ஆண்டு மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு மணி நேர வழியில் இருந்துகொண்டு பதினெட்டு நாள் விமானம் வரக் காத்திருந்ததாகச் சொன்னார். அதற்குள் அவனுக்குக் குணமாகிவிட்டது. "அவன் ஆப்பிரிக்காவில் இருந்திருந்தால் நான்கே நாளில் போயிருப்பேன்" என்றார். நான்காயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரைவிட அவருக்குப் பக்கம்.

தூரம் என்றால் இங்கே அடுத்த விமானம் எப்போது என்பதுதான். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் கிலோமீட்டரும் பறக்கும் நேரமும் வந்து விழுகின்றன. அதற்குக் கீழே வாரம் எத்தனை, மாதம் எத்தனை என்றும் ஒரு வரி இருந்தாக வேண்டும்.

வியாழன்

வானம் திறந்தது. ஃப்ளாக்ஸ்டாஃப் குன்றுக்கு நடந்தேன். தீவில் இப்படிப்பட்ட நடைவழிகளின் முடிவில் ஒரு பெட்டியும் அதற்குள் ரப்பர் முத்திரையும் வைத்திருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தவர் தன் குறிப்பேட்டில் பதித்துக்கொள்ளலாம். குன்றின் உயரம் எழுநூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வடகிழக்குப் பக்கம் நேராகக் கடலுக்குள் அறுத்துவிட்டாற்போல் முடிகிறது.

1836 ஜூலையில் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் இந்தத் தீவின் காற்றைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆயிரம் அடிச் செங்குத்துப் பாறையின் விளிம்பருகே, அவர் நின்ற இடத்தில் காற்று அசையவில்லை. சில கஜம் தள்ளிக் கடற்பறவைகள் பலத்த காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. விளிம்புக்குப் போய்க் கையை நீட்டினார். கை மட்டும் காற்றின் முழு வேகத்தில் அகப்பட்டது. அமைதிக்கும் புயலுக்கும் இடையே இரண்டு கஜ அகலம்தான். 180 ஆண்டுகளுக்குப் பின் விமானிகளைத் திணறடித்ததும் இதே காற்றுதான். கடலிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்று பாறையில் மோதி மேலே பாய்கிறது, உச்சியைத் தாண்டியதும் சுருண்டு விழுகிறது.

பாதுகாப்பான இடமாகப் பார்த்து மண்டியிட்டு, ஒரு கையால் புதரைப் பிடித்துக்கொண்டு மறு கையை விளிம்புக்கு மேல் உயர்த்தினேன். கன்னத்தில் காற்றே இல்லை. முழங்கை வரை ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டைத் தாண்டியதும் யாரோ கையைப் பிடித்து மேலே தள்ளியது போல் விரல்கள் பின்னால் வளைந்தன; சட்டைக் கையின் துணி படபடவென்று அடித்தது. கையை இழுத்ததும் நிசப்தம். மீண்டும் நீட்டினேன். முப்பது டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானத்தை அந்தக் கோட்டின் குறுக்கே கொண்டுவந்து இறக்குகிற விமானிகளின் மேல் எனக்குப் பெரும் மரியாதை ஏற்பட்டது.

சனி

பெட்டி கட்டி, விடைபெற்று, பகலுக்குள் விமான நிலையத்துக்கு வந்துவிட்டோம். சமவெளியைத் தாழ்ந்த மேகம் மூடியிருந்தது. ஓடுபாதையின் மறுமுனை தெரியவில்லை.

ஒரு மணி தாண்டியதும் மேலே என்ஜின் சத்தம் கேட்டது. எல்லோரும் தலையைத் தூக்கினோம். வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. சத்தம் வடக்கே போய்த் தேய்ந்தது, திரும்பி வந்தது, நெருங்கி, இன்னும் நெருங்கி, சட்டென்று என்ஜின் உறுமி மேலே போனது. முதல் முயற்சி கைவிடப்பட்டது. என் பக்கத்தில் நின்ற சிறுமி தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா அதற்குள்ளே இருக்கிறாரா?" என்று கேட்டாள். "இருக்கிறார்" என்றார் தாய். இன்னும் ஒருமுறை வந்தது. பிறகு சத்தம் கிழக்கே திரும்பிக் கரைந்தது.

அறிவிப்பு வரும் முன்பே புரிந்துவிட்டது. திரும்பிப் போகும் எரிபொருளின் அளவை எட்டிவிட்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு நிமிடம்கூட விமானி காத்திருக்க முடியாது. அதற்குள் இருந்தவர்கள் வால்விஸ் பேயிலிருந்து 2,250 கிலோமீட்டர் வந்து, சொந்த வீட்டுக்கு நேர் மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடியும் 2,250 கிலோமீட்டர் போய் அதே பாலைவனத்தில் இறங்குவார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் பறந்து, புறப்பட்ட இடத்திலேயே.

கோபப்பட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை. பெட்டிகளை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். உள்ளூர் வானொலியில் நாளைய நேரத்தைச் சொன்னார்கள். அம்மையார் என் படுக்கை விரிப்பை இன்னும் எடுத்திருக்கவில்லை. "பொறுத்துப் பார்த்துத்தான் எடுப்போம்" என்றார்.

ஞாயிறு நள்ளிரவு, ஜோகன்னஸ்பர்க்

காலையில் மேகம் விலகி, பகலில் விமானம் இறங்கியது. சிறுமியின் தந்தை படியில் இறங்கும்போது வேலிப் பக்கம் கையசைத்தார்.

பிற்பகலில் கிளம்பினோம். எரிபொருளுக்காக எங்கும் நிற்கவில்லை, வால் பக்கத்திலிருந்து காற்றும் தள்ளியது; ஐந்து மணி நேரத்துக்குள் வந்து இறங்கினோம். கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன். என்னோடு வந்தவர்களில் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சிலர் நேற்றிரவு விமானத்தை விட்டுவிட்டு இப்போது கவுன்டரில் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தப் பாதையில் வர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தை அதே நாளுக்கோ மறுநாளுக்கோ போடாதீர்கள், இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். மருந்து சாப்பிடுபவர்கள் கூடுதலாக ஒரு வாரத்துக்குக் கையில் வைத்திருங்கள். அசென்ஷன் வரை போக விரும்பினால் அந்தத் தீவுக்குத் தனி அனுமதி வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தீவுக்காரர்கள் குடும்பத்தைப் பார்க்கப் போகும் டிசம்பர் மாத இருக்கைகளை மட்டும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். அம்மையாருக்கு அந்த விமானத்தில் இடம் உறுதியாகிவிட்டது என்று சற்றுமுன் செய்தி அனுப்பியிருக்கிறார்.